‘84’ன்னு முத்திரை இருந்தா 84 டச் வெள்ளியா? பழைய முலாம் பாத்திரங்களை அடையாளம் காண்பது எப்படி

போன வாரம் வீடியோவுல ரெண்டு நிமிஷத்துல கடந்துபோன ஒரு விஷயத்தை இங்க விரிவா எழுதறேன். வெள்ளி விலை ஏற ஏற, பரண்மேல கிடந்த பழைய கரண்டியை எல்லாம் இறக்கி எடை போட்டுப் பார்க்கிறவங்க அதிகமாயிட்டாங்க. தப்பில்ல. ஆனா எடை போடறதுக்கு முன்னாடி அது என்ன பொருள்னு தெரிஞ்சுக்கணும். தெரியாம கணக்குப் போட்டா என்ன ஆகும்ங்கிறதை இடையஞ்சாவடியில நேர்ல பார்த்தேன்.

இடையஞ்சாவடி தெரியாதவங்களுக்கு: வானூர் தாலுக்கா, ஆரோவில்லை ஒட்டின ஊர். வடக்கே போனா மரக்காணம் உப்பளம், தெற்கே கொஞ்ச தூரத்துல புதுச்சேரி. எனக்குப் பழக்கமான ஒரு அக்கா வீடு அங்க இருக்கு. அவங்க அம்மாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம், அதனால எனக்கும் ஆயாதான். ஆயா இளம் வயசுல புதுச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்து வீட்டுல சமையல் வேலை பார்த்தவங்க. 1954 நவம்பர் 1-ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துடுச்சு, 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படியும் முடிஞ்சுது. ஆனாலும் பிரெஞ்சுக்காரங்க எல்லாரும் ஒரே நாள்ல கப்பல் ஏறிடல. சில குடும்பங்கள் அப்புறமும் பல வருஷம் இருந்தாங்க. ஆயா வேலை பார்த்த வீட்டம்மா கிளம்பும்போது ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துட்டுப் போனாங்களாம். உள்ளே நீல வெல்வெட் துணி, 43 சாமான்.

அந்தப் பெட்டிதான் இந்த வருஷம் பிரச்னை ஆச்சு. அக்கா பொண்ணுக்கு நர்சிங் காலேஜ் சேர்க்கை, கையில காசு இல்ல. பழைய சாமான் எடுக்கிறவர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, “இது வெள்ளி இல்லம்மா, கிலோ 350-க்கு எடுத்துக்கறேன்”னார். மொத்தம் சுமார் 3 கிலோ, அதாவது ஆயிரத்து ஐம்பது ரூபாய். அக்கா பையனுக்குக் கோபம் வந்துடுச்சு. அவன் ஒரு ஸ்பூனைத் திருப்பிப் பார்த்து ‘84’ங்கிற எண்ணைக் கண்டுபிடிச்சிருக்கான். நம்ம ஊர் வெள்ளிக்கடையில “70 டச், 80 டச்”னு சொல்றாங்க இல்லையா, அந்த மாதிரி இது 84 டச்னு முடிவு பண்ணிட்டான். 3 கிலோவுல 84 சதவீதம்னா இரண்டரை கிலோ வெள்ளி. கிராம் 100 ரூபாய்னு வெச்சுக்கிட்டாலும் இரண்டரை லட்சம். (கணக்கு சுலபமா இருக்க 100-ன்னு வெச்சிருக்கேன். இன்னிக்கு ரேட் என்னவோ அதை நீங்க போட்டுக்கோங்க.) அந்த நம்பிக்கையில ஊர்ல ஒருத்தர்கிட்ட ஒன்றரை லட்சம், மூணு வட்டிக்கு வாங்கப் பேசிட்டான். மாசம் 4,500 ரூபாய் வட்டி. “ரெண்டே மாசம்ணா, பெட்டியை வித்துத் திருப்பிடுவேன்”ன்னு என்கிட்ட ஃபோன்ல சொன்னான்.

“பத்திரத்துல கையெழுத்து போடாதே, ஞாயித்துக்கிழமை வர்றேன்”னு சொல்லி வெச்சேன்.

முத்திரையைப் படிக்கிறது

முதல்ல அந்த 84. ஸ்பூன், முள்கரண்டி எல்லாத்திலயும் ‘கிறிஸ்தோஃபிள்’னு கம்பெனி பேர் இருந்துது. 1830-ல பாரீஸ்ல ஆரம்பிச்ச கம்பெனி. மின்சாரத்துல முலாம் பூசற முறைக்கு இங்கிலாந்தோட பர்மிங்ஹாம்ல எல்கிங்டன் குடும்பம் 1840-ல காப்புரிமை வாங்கினாங்க. 1842-ல பிரான்சுக்கான உரிமையை கிறிஸ்தோஃபிள் வாங்கிடுச்சு. இவங்க பாத்திரத்துல வர்ற 84, தூய்மை சதவீதம் இல்ல. பெரிய ஸ்பூன் 12, பெரிய முள்கரண்டி 12, ஆக 24 உருப்படிக்கு மொத்தமா 84 கிராம் வெள்ளி பூசியிருக்கோம்னு அர்த்தம். ஒரு ஸ்பூனுக்கு மூன்றரை கிராம். நம்ம கணக்குப்படி 350 ரூபாய் வெள்ளி. அதுவும் புதுசா இருந்தப்போ. அம்பது வருஷம் தேய்ச்சுத் துலக்கினதுல எவ்வளவு போச்சோ.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பழைய ரஷ்ய வெள்ளியிலயும் 84-ன்னு முத்திரை வரும். அது நிஜமான வெள்ளி. அவங்க அளவுல 96-க்கு 84 பங்கு, நம்ம கணக்குல 875 தூய்மை. அதே எண்ணுக்கு வேற நாட்டுல வேற அர்த்தம். ஜெர்மன் ஸ்பூன்ல 90-ன்னு இருந்தா அது முலாமோட அளவு, 800 அல்லது 900-ன்னு மூணு இலக்கம் இருந்தா நிஜ வெள்ளி. அதனால எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு பண்ணாதீங்க. பக்கத்துல என்ன சின்னம் இருக்குன்னு பாருங்க.

பிரெஞ்சுப் பொருளுக்கு ஒரு நல்ல வசதி இருக்கு. அங்க சட்டப்படி, நிஜ வெள்ளி செய்யறவரோட முத்திரை சாய்சதுரத்துக்குள்ள இருக்கணும், நம்ம சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி. முலாம் பொருள் செய்யறவரோட முத்திரை சதுரத்துக்குள்ள. இது போக, 1838-லேர்ந்து நிஜ வெள்ளியில தலைக்கவசம் போட்ட மினர்வா தேவதையோட தலை, அரசாங்க முத்திரையா இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வேணும், மொபைல் கேமராவுல பெருசு பண்ணிப் பார்த்தாலும் தெரியும். அக்கா வீட்டுப் பெட்டியில மினர்வா ஒரே ஒரு சாமான்லகூட இல்ல.

இங்கிலாந்துப் பொருள்னா கதை வேற. நிஜ வெள்ளியில நடந்து போற சிங்கம் இருக்கும், 925 தூய்மை. முலாம்ல இ, பி, என், எஸ்னு நாலு ஆங்கில எழுத்து இருக்கும். ‘எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர்’ங்கிறதோட சுருக்கம் அது. ஆனா சில கம்பெனிகள் அந்த நாலு எழுத்தையும் அலங்கார எழுத்துல, தனித்தனி கேடயத்துக்குள்ள, நிஜ வெள்ளி முத்திரை வரிசை மாதிரியே குத்தியிருப்பாங்க. அவசரமா பார்த்தா ஏமாந்துடுவோம். நிக்கல் சில்வர்ங்கிறதுதான் நாம ஜெர்மன் சில்வர்னு சொல்றது, கல்யாணத்துல ரிட்டர்ன் கிஃப்ட்டா குங்குமச்சிமிழ் கொடுக்கறோமே அதே உலோகம். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. பேர்ல சில்வர் இருக்கே தவிர, உள்ளே ஒரு பொட்டு வெள்ளி கிடையாது.

முத்திரையே இல்லைன்னா முலாம்தான்னும் சொல்ல முடியாது. இதைக் கவனமா வெச்சுக்கோங்க. வெள்ளைக்காரன் காலத்துல நம்ம நாட்டுல செஞ்ச வெள்ளிக்கு இங்கிலாந்து மாதிரி கட்டாய முத்திரை கிடையாது. சென்னை மவுண்ட் ரோடு பி.ஓர் அண்ட் சன்ஸ் மாதிரி கடைகள் தங்களோட பேரை மட்டும் குத்தின நிஜ வெள்ளிச் சாமான்கள் இருக்கு. சாமி உருவம் புடைச்ச ‘சுவாமி சில்வர்’ அந்த வகை. தாத்தா காலத்துப் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், பாலாடை இதெல்லாம் ஊர்ப் பத்தர் செஞ்சது, முத்திரை எங்க இருக்கும்? அதுக்கெல்லாம் கீழே சொல்ற சோதனைதான்.

தண்ணீர்ச் சோதனை

காந்தம் வெச்சுப் பார்த்தாச்சு, ஒட்டல, அதனால வெள்ளின்னு சொல்றவங்க உண்டு. ஜெர்மன் சில்வரும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. உரைகல்லுல உரைச்சுப் பார்த்தா மேல இருக்கிற முலாம்தான் கல்லுல ஏறும், அது நிஜ வெள்ளிதானே! கடையில இருக்கிற எக்ஸ்ரே மெஷினும் முக்கியமா மேற்பரப்பைத்தான் படிக்கும். கனமான முலாம்னா அதுவும் குழம்பும்.

வீட்டுல செய்யக்கூடிய நம்பகமான வழி அடர்த்தி பார்க்கிறது. ஆறு ஸ்பூனை ஒரு நூல்ல கட்டி எடை போட்டோம், 468 கிராம். அப்புறம் கிச்சன் தராசு மேல ஒரு உயரமான பாத்திரத்துல தண்ணி வெச்சு, தராசைப் பூஜ்யம் ஆக்கிட்டு, அந்தக் கட்டைத் தண்ணிக்குள்ள முழுசா மூழ்கற மாதிரி கையில தொங்கவிட்டோம். அடியில, பக்கத்துல எங்கயும் தொடக்கூடாது. காற்றுக்குமிழி ஒட்டியிருந்தா ஆட்டி விட்டுடணும். தராசு 54-ன்னு காட்டுச்சு. 468-ஐ 54-ஆல வகுத்தா 8.67. நிஜ 925 வெள்ளியா இருந்தா தராசு 45 கிட்ட காட்டியிருக்கணும், ஏன்னா அதோட அடர்த்தி 10.4 கிட்ட வரும். ஜெர்மன் சில்வருக்கு 8.7 கிட்ட. முடிஞ்சது விஷயம். ஒரே ஒரு ஸ்பூனை வெச்சுப் பண்ணாதீங்க. கிச்சன் தராசு ஒரு கிராம் முன்னப்பின்ன காட்டினாலே விடை மாறிடும். கைப்பிடி உள்ளீடற்ற கத்திக்கும் இது சரிப்படாது, உள்ளே அரக்கு மாதிரி எதையாவது அடைச்சிருப்பாங்க.

பையன் மூஞ்சி சுருங்கிப்போச்சு. பாவமாத்தான் இருந்துது. மத்த சாமான்களுக்கும் ஒரு தோராயக் கணக்கு போட்டோம். 20 மைக்ரான் கனத்துக்கு முலாம் இருந்தா, 100 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு சுமார் 2 கிராம் வெள்ளி. அப்படி எல்லாத்தையும் கூட்டினா அதிகபட்சம் 30 கிராம். பெட்டி மொத்தத்துலயும் 114 கிராம், அதாவது 11,400 ரூபாய் வெள்ளி. அதையும் பிரிச்சு எடுக்க ஆசிட் வேலை, ஆபத்து, கூலி. யாரும் அந்தக் காசை முழுசா தரமாட்டாங்க. இரண்டரை லட்சம்னு நினைச்ச இடத்துல இதுதான்.

அதுக்காகக் கிலோ 350-க்கு போடணுமா? அங்கதான் இந்தப் பதிவோட இன்னொரு பாதி வருது. உலோகமா பார்த்தா விலை இல்லாத பொருள், என்ன பாத்திரம்னு தெரிஞ்சா விலை உள்ளதா மாறும்.

இது எதுக்கு? ஆயாகிட்ட கேட்டோம்

24 ஸ்பூன், முள்கரண்டி போக மீதி 19 சாமான் விசித்திரமா இருந்துது. பையன் அதை எல்லாம் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’னு ஒதுக்கி வெச்சிருந்தான். நான் ஆன்லைன்ல படம் தேடிக்கிட்டு இருந்தேன். திண்ணையில உட்கார்ந்திருந்த ஆயா, “என்னத்த தேடறீங்க, என்னைக் கேளுங்க”ன்னாங்க. இத்தனை வருஷமா அந்த வீட்டுல யாரும் அவங்களைக் கேட்கவே இல்லையாம்.

ஒரு குழாய் மாதிரி, உள்ளே பல்லு, பக்கத்துல திருகு, பின்னால கைப்பிடி. பையன் அதைப் பைப் ரிப்பேர் சாமான்னு நினைச்சிருந்தான். ஆயா அதை வாங்கித் தன் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் திருகிக் காட்டினாங்க. “ஆட்டுத் தொடையை முழுசா சுட்டு மேசைக்குக் கொண்டு வருவோம். எலும்பு நுனியில இதை மாட்டித் திருகிட்டா கைப்பிடி ஆயிடும். ஐயா ஒரு கையில இதைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில கறியை அறுப்பாரு. கை சுடாது, எண்ணெய் படாது.” பிரெஞ்சுல மான்ஷ் அ ழிகோன்னு பேர், ஆட்டுத்தொடைக் கைப்பிடின்னு அர்த்தம். நம்ம ஊர்ல நல்லி எலும்பைக் கையில பிடிச்சே சாப்பிடறோம், அதனால இப்படி ஒண்ணு தேவைப்படல.

சின்னச் சின்ன உடற்பயிற்சி டம்பெல்ஸ் மாதிரி எட்டு. குழந்தைங்க விளையாட்டுச் சாமான் இல்ல, கத்தி தாங்கி. ஒரு வகை சாப்பிட்டு முடிச்சு அடுத்த வகை வர்றவரைக்கும் அழுக்குக் கத்தியை மேசைத்துணி மேல வைக்காம இது மேல வைப்பாங்க. வழக்கமா 12 உருப்படி செட். நாலு எங்கயோ போயிடுச்சு.

அகலமா, தட்டையா, துளை போட்ட ஒரு கரண்டி, மேல மீன் உருவம் செதுக்கினது. கூடவே அகல முள்கரண்டி. முழு மீனைத் தட்டிலேர்ந்து உடையாம எடுத்துப் பரிமாற. நம்ம தோசைத்திருப்பியும் ஜல்லிக்கரண்டியும் சேர்ந்த மாதிரி. இதை வெள்ளியில செஞ்சதுக்கு அந்தஸ்து மட்டும் காரணம் இல்ல. அந்தக் காலத்து எஃகு துருப்பிடிக்கும், எலுமிச்சைச் சாறு பட்டா மீன்ல இரும்பு வாசம் ஏறிடும். 1913-ல ஷெஃபீல்டுல ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகு கண்டுபிடிச்சு, அது சமையலறைக்கு வந்து சேர்றவரைக்கும் மீனுக்கு வெள்ளிதான்.

அகல வாய் இடுக்கி ஒண்ணு. “டப்பாவுல வெள்ளையா குச்சி குச்சியா ஒரு காய் வரும், நம்ம தண்ணீர்விட்டான் கிழங்கு மாதிரி. அதை எடுக்க”ன்னாங்க ஆயா. நான் அசந்துட்டேன். அது அஸ்பாரகஸ். தண்ணீர்விட்டான் நிஜமாவே அதே இனச்செடி. படிக்காத ஆயாவுக்கு எப்படி அந்த ஒப்புமை தோணுச்சோ! பூ மாதிரி துளை போட்ட குழி ஸ்பூன், பழத்து மேல பொடிச்ச சர்க்கரை தூவ. அன்னாசி, பப்பாளி மேல ஆயாவே தூவியிருக்காங்க.

ரெண்டு பக்கமும் மூக்கு வெச்ச ஒரு கிண்ணம். ஒரு மூக்குப் பக்கம் ஜி, இன்னொரு பக்கம் எம்-னு ஆங்கில எழுத்து. கறி வேகும்போது இறங்கற சாறுக்கானது. கொழுப்பு எப்பவும் மேல மிதக்கும் இல்லையா? ஜி பக்கம் சாய்ச்சா மேல இருக்கற கொழுப்போட ஊத்தும். எம் பக்கத்து மூக்குக் குழாய் கிண்ணத்தோட அடியிலேர்ந்து கிளம்புது, அதனால கொழுப்பில்லாத சாறு மட்டும் வரும். எழுத்து ரெண்டும் பிரெஞ்சுல கொழுப்புள்ளது, கொழுப்பில்லாததுங்கிறதுக்கான முதலெழுத்து. கொலஸ்ட்ரால்னு பேச்சே இல்லாத காலத்துல இந்த ஏற்பாடு!

ஒண்ணே ஒண்ணு ஆயாவுக்குத் தெரியல. தட்டையா, அம்பு நுனி மாதிரி, கோலம் போட்ட மாதிரி துளைங்க. “எலுமிச்சை விதை வடிகட்ட நான் வெச்சிருந்தேன்”னாங்க. அது அப்சிந்த்ங்கிற மதுவுக்கானது. கிளாஸ் மேல இதை வெச்சு, மேல சர்க்கரைக் கட்டி வெச்சு, சில்லுன்னு தண்ணி ஊத்துவாங்க. பிரான்ஸ்ல அந்த மதுவை 1915-ல தடை பண்ணிட்டாங்க. ஆயா வேலைக்குப் போனப்போ அந்த வீட்டுலயே அதோட உபயோகம் மறந்து போயிருக்கும். இந்த வகையில போலி நிறைய வருது, வாங்கறவங்க ஜாக்கிரதை.

கடைசியா ரெண்டு குட்டிக் கிண்ணம், ரெண்டு குட்டிக் கரண்டி, காது குடையற சைஸ். உப்புக் கிண்ணம். ஒண்ணுல நீலக் கண்ணாடி உள்கிண்ணம் இருந்துது, இன்னொண்ணுல அது உடைஞ்சு போயிடுச்சு. உடைஞ்ச கிண்ணத்தோட உள்பக்கம் கறுத்து, பொத்தல் பொத்தலா அரிச்சிருந்துது. உப்பு வெள்ளியை அரிக்கும், அதுக்குத்தான் கண்ணாடி. சிலதுல உள்ளே தங்க முலாம் பூசியிருப்பாங்க. மரக்காணம் பக்கத்துக்காரங்களுக்கு உப்பு இரும்பை என்ன பண்ணும்னு சொல்லவே வேணாம், வெள்ளிக்கும் அதே கதிதான்.

உங்க வீட்டுல ஆயா இல்லைன்னா, பாத்திரத்தையே கேளுங்க. துளை இருந்தா ஏதோ வடியணும் அல்லது தூவணும். கைப்பிடி நீளம்னா பாத்திரம் ஆழம். இடுக்கின்னா கையால தொடக்கூடாத அல்லது வழுக்கற பொருள். ஒல்லியா நீளமா, ரெண்டு முனையிலயும் வாய்க்கால் மாதிரி குழிஞ்சிருந்தா அது எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜையைத் தோண்டற கரண்டி, இங்கிலாந்துக்காரங்க வீட்டுச் சாமான்ல வரும். பேரெழுத்து எங்க செதுக்கியிருக்குன்னும் பாருங்க. பிரெஞ்சு வழக்கத்துல முள்கரண்டியைக் குப்புற வைப்பாங்க, அதனால பின்பக்கம் எழுத்து இருக்கும்.

விக்கறதா, வெச்சுக்கறதா

விலை பார்க்கும்போது ஆன்லைன்ல ‘கேட்கிற விலை’யைப் பார்க்காதீங்க. யாரு வேணும்னாலும் லட்சம்னு போடலாம். ஏல தளங்கள்ல ‘விற்று முடிந்தவை’ன்னு தனியா வடிகட்டிப் பார்க்க வசதி இருக்கு, அந்த விலைதான் நிஜம். செட் முழுசா இருக்கா, முலாம் தேய்ஞ்சு அடி உலோகம் தெரியுதா (ஸ்பூனோட அடிவயிறு, முள்கரண்டி நுனி ரெண்டையும் முதல்ல பாருங்க), கம்பெனி என்ன, இது மூணும்தான் விலையைத் தீர்மானிக்கும். எடை இல்ல.

வெளிநாட்டுல நல்ல விலைன்னு பார்சல் கட்டிடாதீங்க. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷத்துக்குக் குறையாத பழைய கைவினை, கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வயசு சந்தேகமா இருந்தா, தொல்பொருள் இல்லைன்னு இந்தியத் தொல்லியல் துறைகிட்ட சான்றிதழ் வாங்கணும். கிறிஸ்தோஃபிள் முத்திரையில தராசு சின்னம் இருந்தா 1930-கள் நடுப்பகுதிக்கு முந்தினது, சதுரங்கக் குதிரை இருந்தா அதுக்கு அப்புறம். அக்கா வீட்டு ஸ்பூன்ல இருந்தது குதிரை.

அடகு வைக்கலாமான்னு பையன் கேட்டான். தங்கம், வெள்ளி அடமானக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூன்ல புது விதிகள் வெளியிட்டுது, வெள்ளி நகை, நாணயத்துக்கும் இடம் இருக்கு. ஆனா உள்ளே இருக்கற வெள்ளியோட மதிப்பை மட்டும்தான் கணக்குல எடுப்பாங்க. பழமை, செதுக்கு வேலை, கம்பெனி பேர் எதுக்கும் காசு கிடையாது. முலாம் பாத்திரத்துக்கு அந்தக் கதவு மூடினதுதான். வரி பத்தியும் ஒரு வரி: சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த வீட்டுப் பாத்திரத்தை வித்தா பொதுவா மூலதன ஆதாய வரி வராது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் அந்த விலக்குக்குள்ள வராது. பெரிய தொகைன்னா ஆடிட்டரைக் கேட்டுக்கோங்க.

துலக்கற விஷயத்துல நிறைய பேர் தப்பு பண்றாங்க. விக்கறதுக்கு முன்னாடி பளபளன்னு ஆக்கணும்னு புளி போட்டுத் தேய்க்கிறாங்க. பித்தளைக்குப் புளி சரி. முலாம்ல ஏற்கெனவே இருக்கிறதே ஒரு முடி கனம், தேய்க்கத் தேய்க்க வெள்ளி தண்ணியில போகும். பற்பசையும் வேண்டாம், அதுல சுரண்டற பொடி இருக்கு. கறுத்திருந்தா, அலுமினியம் ஃபாயில் விரிச்ச பாத்திரத்துல சமையல் சோடாவும் கொதிக்கற தண்ணியும் ஊத்தி, சாமான் ஃபாயிலைத் தொடற மாதிரி கொஞ்ச நேரம் போட்டு எடுங்க. கறுப்பு போயிடும், வெள்ளி பாத்திரத்துலயே தங்கும். ஒட்டுப்போட்ட கைப்பிடி, செதுக்கல்ல வேணும்னே கறுப்பேத்தின வேலைப்பாடு, இதுக்கெல்லாம் இந்த முறை வேண்டாம். கடற்காத்து அடிக்கிற ஊர்ல பருத்தித்துணியில சுத்தி மூடின பெட்டியில வைங்க. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீங்க, அதுல இருக்கிற கந்தகம் கோடு போட்ட மாதிரி கறுப்பாக்கிடும்.

அன்னிக்கு சாயங்காலமே பையன் மூணு வட்டிக்காரருக்கு ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டான். காலேஜ் ஃபீஸுக்கு வித்யாலட்சுமி போர்ட்டல்ல கல்விக்கடன் விண்ணப்பம் போட்டோம். 4 லட்சம் வரைக்கும் வழக்கமா சொத்து அடமானம் கேட்கமாட்டாங்க. அது எப்படிப் பண்றதுன்னு தனி வீடியோ இருக்கு.

24 ஸ்பூன், முள்கரண்டியையும் புதுச்சேரியில விருந்தினர் விடுதி நடத்தற ஒருத்தர் வாங்கிக்கிட்டார், விருந்தாளிங்களுக்கு மேசையில வைக்க. விலையை எழுத வேண்டாம்னு அக்கா சொல்லிட்டாங்க. பழைய சாமான்காரர் மொத்தப் பெட்டிக்கும் சொன்னதைப் போல இருபது மடங்குக்கு மேலன்னு மட்டும் சொல்றேன். அதுல ஹாஸ்டல் அட்வான்ஸ் கட்டியாச்சு. கத்தி தாங்கியை அவர் கேட்டார், எட்டுதான் இருக்குன்னதும் யோசிக்கறேன்னு போயிட்டார். இன்னும் யோசிக்கிறார்.

மத்ததை ஆயா தரமாட்டேன்னுட்டாங்க. கண்ணாடி இருக்கிற உப்புக் கிண்ணத்தை மட்டும் கழுவி, மரக்காணம் கல்லுப்பு போட்டுச் சாப்பாட்டு இடத்துல வெச்சிருக்காங்க. அந்தக் குட்டிக் கரண்டியில கல்லுப்பு நிக்கவே மாட்டேங்குது, எல்லாரும் கையாலதான் எடுத்துக்கறாங்க.